பதினோரு இடம், நாற்பது பேர்

அறந்தாங்கியில் அக்கா வீட்டு அலமாரியில் ஒரே பாடத்துக்கு இரண்டு பிரதிகள் இருக்கின்றன. ஒன்று, பத்தாவது படிக்கிற அக்கா மகளின் அறிவியல் புத்தகம். இன்னொன்று, அக்கா பள்ளிக்கூடத்தில் எழுதிவைத்த பழைய நோட்டு. அட்டை போய், ஓரம் பழுத்து, நூல் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது. "இத இன்னுமா வெச்சிருக்க?" என்று கேட்டால், "அப்ப என் கையெழுத்து எவ்வளவு நல்லா இருக்கும் தெரியுமா" என்பாள்.

மகளின் புத்தகத்தில் 'ஐசோடோப்புகள்'. அம்மாவின் நோட்டில் 'ஓரிடத்தான்கள்'. சொல்தான் வேறு. வரையறை கிட்டத்தட்ட எழுத்து மாறாமல் ஒன்றுதான்: ஒரே அணு எண்ணும் வெவ்வேறு நிறை எண்ணும் கொண்ட, ஒரே தனிமத்தின் அணுக்கள்.

போன தடவை போயிருந்தபோது அவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"மாமா, அம்மா நோட்டுல ஓரிடத்தான்னு போட்டிருக்கு. எந்த இடம் அது? அணு எண் வருது, நிறை எண் வருது. இடம் எங்க வருது?"

தனிம அட்டவணையில் இருக்கிற இடம் என்று சொன்னேன்.

"அப்ப அத ஏன் வரையறைல சொல்லல?"

பதில் சொல்ல முடியவில்லை. கவிதையில் ஒரு சொல் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோம். நாவலில் ஓர் அத்தியாயம் இடம் மாறியிருந்தால் கண்டுபிடித்துவிடுகிறோம். நம்மில் பெரும்பாலோர் வாழ்நாளில் அதிக தடவை வாசித்த, அதிக தடவை மனப்பாடம் செய்த உரைநடை பாடப்புத்தகத்தினுடையது. அதைப் பற்றி மட்டும் விமர்சனமே எழுதுவதில்லை. இந்தக் கட்டுரை அந்த ஒரு வரையறைக்கும் அந்த இரண்டு சொற்களுக்கும் எழுதும் விமர்சனம். பின்னணியில் வேறொரு பேச்சும் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. ப்ளஸ் ஒன்னில் அவளை இங்கிலீஷ் மீடியத்தில் போடலாமா, தமிழ் மீடியத்திலேயே விடலாமா என்று. "தமிழ்ல படிச்சா ஒண்ணும் புரியாதுன்னு எல்லாரும் சொல்றாங்க" என்பது அக்காவின் கவலை. அதனால் இது சும்மா சொல்லாராய்ச்சி இல்லை. ஒரு பெண்ணின் அடுத்த இரண்டு வருஷம் இதில் மாட்டியிருக்கிறது.

*

இந்தச் சொல் பிறந்த கதை ஒரு நாவலாசிரியரிடமிருந்து தொடங்குகிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கதிரியக்கத்தை ஆராய்ந்தவர்களுக்கு ஒரு விசித்திரமான நெருக்கடி. யுரேனியமும் தோரியமும் சிதைந்து சிதைந்து புதிய புதிய பொருட்களாக மாறிக்கொண்டே போயின. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்தார்கள். அயோனியம், மீசோதோரியம், ரேடியம்-டி என்று பட்டியல் நீண்டது. கடைசியில் எண்ணிப் பார்த்தால் ஏறத்தாழ நாற்பது பேர். ஆனால் தனிம அட்டவணையில் ஈயத்திலிருந்து யுரேனியம் வரைக்கும் பதினோரு இடம்தான்.

அறந்தாங்கி பேருந்து நிலையத்தில் கடைசி பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கு இந்த நெருக்கடி புரியும். பதினோரு சீட்டு, நாற்பது பேர். நம் ஊரில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டுத் தீர்த்துக்கொள்வோம். வேதியியலில் அப்படி முடியாது. ஒரு தனிமத்துக்கு ஓர் இடம் என்பதுதான் அந்த அட்டவணையின் சட்டமே.

இன்னொரு சிக்கலும் இருந்தது. இந்த நாற்பதில் சில ஜோடிகளை ஒன்றோடொன்று கலந்துவிட்டால் திரும்பப் பிரிக்கவே முடியவில்லை. அயோனியத்தையும் தோரியத்தையும் கலந்தால் எந்த வேதியியல் முறையும் அவற்றைப் பிரிக்காது. ரேடியம்-டியை ஈயத்திலிருந்து பிரிக்கச் சொல்லி ரூதர்ஃபோர்டு ஹெவெசி என்ற இளைஞரிடம் வேலை கொடுத்தார். ஹெவெசியால் முடியவில்லை. பிரிக்கவே முடியாதென்றால், அதை ஈயத்தோடு கலந்துவிட்டு ஈயம் எங்கெங்கே போகிறது என்று பின்தொடரலாமே என்று அந்தத் தோல்வியையே ஒரு முறையாக மாற்றினார். இன்றைக்கு மருத்துவமனைகளில் கதிரியக்கப் பொருளை உடலுக்குள் செலுத்தி உறுப்புகளைப் படமெடுப்பதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்திலிருந்த ஃபிரெடரிக் சாடி இதற்கு வேறொரு விடை சொன்னார். நாற்பது பேருக்கும் தனித்தனி இடம் தேடாதீர்கள், ஒரே இடத்தில் பல பேர் உட்காரலாம் என்றார். எடை வேறாக இருக்கும், கதிரியக்கக் குணம் வேறாக இருக்கும், ஆனால் வேதியியல் நடத்தை ஒன்றே. இந்தக் கருத்துக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. 1913இல் கிளாஸ்கோவில், சாடியின் மாமனார் வீட்டு விருந்தில் பேச்சு இதைப் பற்றி வந்தபோது, அங்கிருந்த மார்கரெட் டாட் என்ற பெண் ஒரு சொல்லைத் தந்தார். கிரேக்கத்தில் 'ஐசோஸ்' என்றால் சமம், 'டோப்போஸ்' என்றால் இடம். ஐசோடோப். அந்த வருஷம் டிசம்பர் 4 தேதியிட்ட 'நேச்சர்' இதழில் சாடியின் கடிதத்தில் அந்தச் சொல் அச்சேறியது.

மார்கரெட் டாட் மருத்துவர், நாவலாசிரியர். மருத்துவம் படிக்கும் ஒரு பெண்ணைப் பற்றிய அவருடைய நாவல் 1892இல் வந்தபோது அட்டையில் 'கிரஹாம் டிராவர்ஸ்' என்ற ஆண் பெயர்தான் இருந்தது. ஓர் இடத்தில் பல பேர் இருப்பதற்குப் பெயர் வைத்தவர், தானே ஓர் ஆளாக இரண்டு பெயரில் இருந்தவர்.

அவரை வெறும் தகவலாகக் கடந்துபோக மனசில்லை. அவர் செய்தது ஒரு விமர்சகரின் வேலை. எதிரில் உட்கார்ந்திருப்பவர் நீளமாக விளக்கியதைக் கேட்டு, அதன் மையத்தைத் தொட்டு, ஒரே சொல்லில் திருப்பிக் கொடுத்திருக்கிறார். எடை, கதிர், சிதைவு என்று பல விஷயங்கள் பேசப்பட்டிருக்கும். அவர் பிடித்தது 'இடம்'.

*

இப்போது வரையறைக்கு வருவோம்.

சாடி அந்தச் சொல்லை அச்சில் போட்டபோது நியூட்ரான் என்று ஒன்று இருப்பது யாருக்கும் தெரியாது. சாட்விக் அதைக் கண்டுபிடித்தது 1932இல். பத்தொன்பது வருஷம் கழித்து! அதாவது, ஐசோடோப் என்பது ஒரு புதிருக்கு வைத்த பெயர். இவர்களெல்லாம் எப்படி ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற வியப்பின் பெயர். அந்தப் புதிருக்கு விடை பிறகு வந்தது: புரோட்டான்களின் எண்ணிக்கை இடத்தைத் தீர்மானிக்கிறது, நியூட்ரான்களின் எண்ணிக்கை எடையை மட்டும் கூட்டுகிறது. கார்பனில் எப்போதும் 6 புரோட்டான். நியூட்ரான் 6 இருந்தால் கார்பன்-12, 7 இருந்தால் கார்பன்-13, 8 இருந்தால் கார்பன்-14. ஆறாவது இடத்திலிருந்து மூன்றும் நகர்வதில்லை. ஹைட்ரஜனில் நியூட்ரான் இல்லாததும் உண்டு, ஒன்று உள்ளதும் உண்டு, இரண்டு உள்ளதும் உண்டு. வெள்ளீயத்தின் இடத்திலோ சிதையாமல் நிலைத்திருப்பவர்களே பத்துப் பேர்.

பாடப்புத்தக வரையறை செய்வது என்ன? விடையை முதல் வரியில் சொல்லிவிடுகிறது. புதிரைச் சொல்லவே இல்லை. கொலைகாரன் யார் என்று முதல் பக்கத்தில் சொல்லிவிட்டு, கொலை நடந்ததைச் சொல்லாமல் விட்ட துப்பறியும் கதை மாதிரி. அதனால்தான் 'இடம்' என்ற சொல் அனாதையாக நிற்கிறது. அணு எண் என்றால் அட்டவணையில் இடத்தின் எண் என்று ஒரு வரி அங்கே இருந்திருந்தால் போதும். "ஒரே அணு எண்" என்பதும் "ஓரிடம்" என்பதும் ஒன்றுதான் என்று அவளே பிடித்திருப்பாள்.

சுருக்கம் வேண்டும், பரீட்சைக்கு இரண்டு மதிப்பெண் விடை வேண்டும் என்று பதில் வரும். சரிதான். ஆனால் சுருக்கம் என்பது எதை விடுவது என்ற தேர்வு. நல்ல சிறுகதைக்காரர் விளக்கத்தை விடுவார், முடிச்சை விடமாட்டார். இந்த வரையறை முடிச்சை விட்டுவிட்டு விளக்கத்தை வைத்துக்கொண்டது. உரைநடையாக இதன் குறை அதுதான். அந்தக் குறை தமிழில் இருப்பதால் வந்ததில்லை. ஆங்கிலப் புத்தகங்களிலும் வரையறை பெரும்பாலும் இதே வரிசையில்தான் இருக்கும். இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிற பையனுக்கு 'ஐசோ' என்றால் சமம், 'டோப்' என்றால் இடம் என்று தானாகத் தெரியுமா? கிரேக்கம் அவன் வீட்டிலும் யாரும் பேசுவதில்லை.

*

சொற்களை எடுத்துக்கொள்வோம். தமிழில் இதற்கு மூன்று சொற்களாவது உண்டு. மூன்றும் மூன்று மொழிபெயர்ப்புக் கொள்கைகள்.

முதலில் ஓரிடத்தான். மார்கரெட் டாட் பிடித்ததை அப்படியே தமிழில் பிடித்த சொல். கிரேக்கம் தெரியாதவருக்கும் அர்த்தம் தெரியும். இது என் பழைய புகார்ப் பட்டியலிலும் இருந்தது. அணுவுக்கு எதற்கு ஆண்பால் விகுதி? 'ஓரிடத்தான்கள்' என்று பன்மை போடும்போது இன்னும் கோரம். ஊர்க்காரனை ஊர்க்காரன்கள் என்று சொல்வோமா? பிறகு ஒருநாள் தோன்றியது. ஓணான் இருக்கிறது, தட்டான் இருக்கிறது, பூரான் இருக்கிறது. யாரும் அதற்கெல்லாம் திணை பார்க்கவில்லை. 'தட்டான்கள் பறந்தன' என்றால் காதில் உறுத்தவில்லை. பேச்சுத் தமிழ் இந்த '-ஆன்' விகுதியைச் சின்னச் சின்ன உயிர்களுக்கு எப்போதோ கொடுத்துவிட்டது. அந்த வரிசையில் ஓர் அணுவையும் சேர்த்துக்கொண்டால் குடிமுழுகிப் போகாது. இப்போது எனக்கு அந்தச் சொல்லில் ஒரு செல்லப் பெயரின் சாயல் தெரிகிறது.

அடுத்தது இலங்கைத் தமிழில் வழங்கும் சமதானி. சமம், தானம். தானம் என்றால் இங்கே ஸ்தானம், இடம். ஐசோஸ், டோப்போஸ் இரண்டையும் எடைக்கு எடை வைத்த சொல். முதல் தடவை வாசித்தபோது நான் 'சமாதானி' என்று படித்தேன். தனித்தமிழ் ஆர்வலர்கள் ஆட்டோவுக்கு 'தானி' என்று பெயர் வைத்திருப்பதால், நண்பன் ஒருவன் "சமதானின்னா ஷேர் ஆட்டோவாடா?" என்று கேட்டான். சிரித்து முடித்தபிறகு பார்த்தால், விளக்கமாக அது மோசமில்லை. ஓர் ஆட்டோ, பல பேர், ஒரே வழி! பிழை சொல்லில் இல்லை, அதோடு பழகாத எங்கள் காதில். யாழ்ப்பாணத்தில் அதைப் படித்து வளர்ந்தவருக்கு அது சாதாரணச் சொல்.

அங்கே இதற்கு நீண்ட பழக்கம் உண்டு. மானிப்பாயில் மருத்துவம் பார்த்த அமெரிக்க மிஷனரி சாமுவேல் கிரீன், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, நூல்களையும் தமிழாக்கினார். அவருடைய முயற்சியில் 1875இல் வந்த வேதியியல் நூலின் பெயர் 'கெமிஸ்தம்'. அந்தப் பெயரைப் பாருங்கள். மொழிபெயர்ப்பும் இல்லை, வெறும் ஒலிபெயர்ப்பும் இல்லை. வெளியிலிருந்து வந்த சொல்லுக்கு ஓர் '-அம்' போட்டு வீட்டு ஆளாக்கிவிட்டார்கள். இன்றும் இலங்கைப் பாடநூல்களில் ஒட்சிசன், ஐதரசன், காபன், இலத்திரன் என்று வருவது அந்தப் போக்கில்தான். கிரந்த எழுத்து கிட்டத்தட்ட இல்லாமலே தனிம அட்டவணை முழுவதும் தமிழ் நாக்குக்குள் வந்துவிடுகிறது.

இலங்கைக்கு இந்த விஷயத்தில் வேறொரு உரிமையும் உண்டு. ஓரிடத்தான் என்ற கருத்து சரிதானா என்று சோதிக்க ஒரு வழி: தோரியத்திலிருந்து பிறந்த ஈயம், சாதாரண ஈயத்தைவிடக் கனமாக இருக்க வேண்டும் என்று சாடியின் கருத்து முன்கூட்டியே சொன்னது. அதைச் சோதிக்க 1914இல் அவர் எடுத்துக்கொண்டது இலங்கையில் கிடைத்த தோரைட் கனிமம். அதிலிருந்து பிரித்த ஈயம் உண்மையிலேயே கனமாக இருந்தது. அதே சமயத்தில் அமெரிக்காவில் ரிச்சர்ட்ஸ், யுரேனியக் கனிமத்து ஈயம் லேசாக இருப்பதை அளந்து காட்டினார். ஈயம்-206இல் நியூட்ரான் 124, ஈயம்-208இல் 126 என்று இன்றைக்கு நாம் ஒரு வரியில் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு வரிக்கு ஆதாரமாக இருந்தவற்றில் ஒன்று, பாக் நீரிணைக்கு அந்தப் பக்கத்து மண். அறந்தாங்கியிலிருந்து கிழக்கே போனால் கடல், கடலைத் தாண்டினால் அந்தத் தீவு. எந்தத் தமிழ்ப் பாடப்புத்தகமாவது இதை ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டால் நான் அட்டை போட்டு வைத்துக்கொள்வேன்.

மூன்றாவது, ஐசோடோப்பு. இதைத் திட்டுவது சுலபம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் அதை 'ஐசோ தோப்பு' என்றே சொல்கிறார்கள். சுற்றி எங்கே பார்த்தாலும் தென்னந்தோப்பு உள்ள பகுதியில் வேறெப்படிக் கேட்கும்? ஆனால் நியாயமாகப் பார்த்தால் இதற்கும் ஒரு லாபம் உண்டு. 'ஐசோடோன்' என்று இன்னொரு சொல் இருக்கிறது. நியூட்ரான் எண்ணிக்கை ஒன்றாக உள்ள, வேறு வேறு தனிமங்களின் அணுக்கள். அந்தச் சொல்லை உருவாக்கிய குகன்ஹைமர் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் செய்தது ஓர் எழுத்து விளையாட்டு. ஐசோடோப்பில் உள்ள 'ப்' புரோட்டானுக்கு, அதை எடுத்துவிட்டு நியூட்ரானுக்கு 'ன்' போட்டார். ஒலிபெயர்ப்பில் அந்தச் சிலேடை தமிழ் எழுத்திலும் பிழைத்துக்கொள்கிறது. ஓரிடத்தானிலும் சமதானியிலும் அது வராது. மொழிபெயர்ப்பு ஒன்றைக் காப்பாற்றும்போது இன்னொன்றை விடுகிறது. கவிதை மொழிபெயர்ப்பில் நாம் ஏற்றுக்கொள்கிற உண்மைதான் இது.

நியூட்ரானுக்கு 'நொதுமி' என்று ஒரு தனித்தமிழ்ச் சொல் உண்டு. பலரும் கேலி செய்வார்கள். ஆனால் அகப்பொருள் படித்தவர்களுக்கு 'நொதுமலர்' தெரியும். உறவும் இல்லை, பகையும் இல்லை, அயலார். தலைவியைப் பெண் கேட்டு அயலார் வருவதை 'நொதுமலர் வரைவு' என்பார்கள். நேர்மின்னூட்டத்தோடும் எதிர்மின்னூட்டத்தோடும் சேராமல், கருவுக்குள் எடையாக மட்டும் உட்கார்ந்திருக்கும் துகளுக்கு இதைவிட நல்ல பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு நிபந்தனை. நொதுமலர் யார் என்று சொல்லிக்கொடுக்காமல் நொதுமி என்று எழுதினால், அதுவும் இன்னொரு மனப்பாடச் சொல்தான்.

நான் வந்துசேர்கிற இடம் இது. தமிழா, ஒலிபெயர்ப்பா என்ற சண்டையில் இரண்டு தரப்பும் சொல்லைத் தேர்ந்தெடுத்ததோடு வேலை முடிந்துவிட்டதாக நினைக்கின்றன. 1916இல் சேலத்தில் ராஜாஜி நண்பர்களோடு சேர்ந்து தமிழில் அறிவியல் சொற்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கியதிலிருந்து எத்தனையோ கலைச்சொல் பட்டியல்கள் வந்துவிட்டன. சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதே ராஜாஜி பிறகு 'திண்ணை ரசாயனம்' என்று ஒரு நூல் எழுதினார். அந்தத் தலைப்பில்தான் சூட்சுமம். பட்டியல் போட்டால் போதாது, திண்ணையில் உட்கார்ந்து சொல்லவும் வேண்டும். பெ.நா. அப்புசாமி வாழ்நாள் முழுக்க அந்தத் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார். நம் பாடப்புத்தகங்கள் பட்டியலை எடுத்துக்கொண்டு திண்ணையை இடித்துவிட்டன.

*

குறியீடுகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'தமிழ்ல படிச்சா புரியாது' என்பதற்கு அடிக்கடி காட்டப்படும் சாட்சி அதுதான். "வாயில சோடியம்ங்கறான், கையில என்ஏன்னு எழுதறான். எப்படிப் புரியும்?"

இங்கிலீஷில் படிக்கிறவனும் வாயில் சோடியம் என்றுதான் சொல்கிறான், கையில் என்ஏ என்றுதான் எழுதுகிறான். அது லத்தீனின் நாட்ரியம். பொட்டாசியத்துக்குக் கே, காலியம். இரும்புக்கு எஃப்இ, ஃபெர்ரம். ஈயத்துக்குப் பிபி, பிளம்பம். ஒருகாலத்தில் ஈயக் குழாய் வேலை செய்தவர் என்பதால்தான் குழாய் ரிப்பேர் செய்ய வருகிறவர் பிளம்பர். ஸ்வீடனின் பெர்சீலியஸ் 1813 வாக்கில் லத்தீன் பெயர்களின் எழுத்துகளைக் குறியீடாக வைத்தபோது, எந்த நாட்டுக்காரனுக்கும் சொந்தமில்லாத மொழி என்பதே அதன் நியாயமாக இருந்தது. நம்மைப் போலவே லண்டன் குழந்தைக்கும் அது அந்நியம்தான்.

நிறை எண்ணைக் குறியீட்டின் இடப்பக்கம் மேலே எழுதுகிறோம், அணு எண்ணை இடப்பக்கம் கீழே. இது தமிழனுக்குப் பழகிய ஏற்பாடு. எங்கள் வகுப்பில் மூன்று செந்தில் இருந்தார்கள். ஆர். செந்தில், கே. செந்தில், எம். செந்தில். பெயர் ஒன்று, இடப்பக்கத்து இனிஷியல் வேறு. கார்பனும் அப்படித்தான். 12 கார்பன், 13 கார்பன், 14 கார்பன். மேலே உள்ள எண்ணிலிருந்து கீழே உள்ள எண்ணைக் கழித்தால் நியூட்ரான் எண்ணிக்கை. யுரேனியம்-235இல் 92ஐக் கழித்தால் 143, யுரேனியம்-238இல் 146. கழித்தல் கணக்கு தெரிந்தால் மதிப்பெண் வந்துவிடும். அக்கா மகளும் அதைச் சரியாகப் போடுகிறாள். எதைக் கழிக்கிறோம் என்று தெரியாமலே சரியாகப் போட முடிகிறது என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

*

ஏன் பயம்? வெறும் பரீட்சைப் பாடமாக இருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் கடந்த சில வருஷங்களாக ஒரே ஒரு ஓரிடத்தானின் மேல்தான் நம் பெருமை முழுவதையும் ஏற்றி வைத்திருக்கிறோம்.

2019இல் கீழடி அறிக்கை வந்தது. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த மாதிரியின் காலம் கி.மு. 580 என்றது. 2021இல் சிவகளை நெல்லுக்குக் கி.மு. 1155. 2025 ஜனவரியில் 'இரும்பின் தொன்மை' அறிக்கை சிவகளைக்கே கி.மு. 3345 வரை போனது. நாம் எல்லோரும் ஸ்டேட்டஸ் போட்டோம். 'கார்பன் டேட்டிங்கே சொல்லிடுச்சு' என்று சண்டையும் போட்டோம். அந்தக் கார்பன் எது, அது எதைச் சொல்கிறது என்று எத்தனை பேர் யோசித்தோம்?

அதைத் திண்ணைப் பேச்சில் சொல்லிப் பார்க்கிறேன். மேலே காற்றுமண்டலத்தில், விண்வெளிக் கதிர்களால் கிளம்பிய ஒரு நியூட்ரான் நைட்ரஜன்-14இல் மோதுகிறது. ஒரு புரோட்டான் வெளியேறுகிறது. ஏழாவது இடத்தில் இருந்தது ஆறாவது இடத்துக்கு வந்து கார்பன்-14 ஆகிறது. பிறந்த வீடு நைட்ரஜன், புகுந்த வீடு கார்பன். வேதியியலில் அது மற்ற கார்பனிலிருந்து பிரித்தறிய முடியாத ஓரிடத்தான் என்பதால் செடி அதையும் சேர்த்தே உள்வாங்குகிறது. செடியைத் தின்கிற மாட்டுக்குள்ளும் நமக்குள்ளும் அது வருகிறது. அளவு மிகச் சொற்பம், ஏறத்தாழ லட்சம் கோடிக் கார்பனில் ஒன்று. உயிர் இருக்கிறவரை வரவும் செலவும் சமமாக ஓடுகிறது. உயிர் போனதும் வரவு நிற்கிறது. உள்ளே இருக்கிற கார்பன்-14இன் ஒரு நியூட்ரான் எப்போதாவது புரோட்டானாக மாறுகிறது. உடனே அந்த அணு ஆறாவது இடத்தைக் காலி செய்துவிட்டு ஏழாவது இடத்துக்கு, பிறந்த வீட்டுக்கே, திரும்பிவிடுகிறது. 5730 வருஷத்தில் பாதிப் பேர் போயிருப்பார்கள். கீழடி மாதிரியில் ஏறத்தாழ முக்கால் பங்கு மிச்சமிருக்கும். கி.மு. 3345 என்றால் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

அந்த இடத்தை விட்டுப் போகாமல் இன்னும் மிச்சமிருப்பவர்கள் எவ்வளவு என்று எண்ணித்தான் காலம் சொல்கிறார்கள். காற்றில் கார்பன்-14இன் அளவு எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை என்பதால் மரவளையம் போன்றவற்றை வைத்துத் திருத்தமும் செய்கிறார்கள்.

இது தெரிந்தால் உடனே சில நல்ல கேள்விகள் வருகின்றன. இரும்பில் அளக்கத்தக்க கார்பன்-14 இருப்பது அரிது. அப்படியானால் கி.மு. 3345 எதனுடைய வயது? சிவகளைத் தாழிக்குள் இரும்போடு கிடைத்த கரித்துண்டின் வயது. கரியும் இரும்பும் ஒரே சமயத்தில் உள்ளே போனவையா என்பதை மண்ணடுக்கை வைத்துத்தான் நிறுவ வேண்டும். அந்தக் கரி, எரிக்கும்போதே வயதான மரத்தினுடையதா? ஒரு மாதிரியா, பல மாதிரிகளா? ஒரே ஆய்வகமா, பல ஆய்வகங்களா? இந்தக் கேள்விகளைக் கேட்பவர் தமிழ்த் துரோகி இல்லை. இவற்றுக்குப் பதில் தேடித்தான் அந்த அறிக்கைக்காக ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வகங்களுக்கு மாதிரிகளை அனுப்பினார்கள், பானை ஓட்டை வேறொரு முறையிலும் அளந்து பார்த்தார்கள். கேள்வி தெரியாமல் பெருமைப்படுவதும், கேள்வி தெரியாமல் கேலி செய்வதும் ஒரே மனப்பாடத்தின் இரண்டு முகம்.

இது தூரத்து விஷயமும் இல்லை. புதுக்கோட்டை பக்கத்தில் பொற்பனைக்கோட்டையில் தோண்டியிருக்கிறார்கள். அறந்தாங்கியிலிருந்து அதிக தூரமில்லாத அம்பலத்திடலில் தாழி ஓடுகளும் கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகளும் மண்மேலேயே கிடந்திருக்கின்றன. நாளைக்கு அங்கே முறையாகத் தோண்டி, ஒரு கரித்துண்டு கிடைத்து, அதற்கு ஒரு தேதி வந்தால், அந்தத் தேதியை வாசிக்க வேண்டியவர்கள் இந்த ஊர்ப் பிள்ளைகள்தான்.

*

கிளம்புகிற அன்றைக்கு அக்கா மகளிடம் சாடி கதையைச் சொன்னேன். பதினோரு சீட்டு, நாற்பது பேர், விருந்துக்கு வந்த நாவலாசிரியர். அவள் பாடப்புத்தகத்தில் பென்சிலால், வரையறைக்குப் பக்கத்தில், ஒரு வரி எழுதினாள்: "எடை வேற, ஆனா அட்டவணைல ஒரே சீட்டு. ஏன்னா புரோட்டான் மாறல, நியூட்ரான்தான் கூடியிருக்கு." பரீட்சையில் இதை எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா என்று கேட்டாள். கிடைக்காமல் போகலாம், புத்தகத்தில் இருப்பதையும் சேர்த்து எழுது என்றேன். விமர்சகனாக எனக்கு அவளுடைய வரிதான் பிடித்திருக்கிறது. முதலில் ஆச்சரியம் வருகிறது, பிறகு காரணம் வருகிறது.

அக்கா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "அப்ப இங்கிலீஷ் மீடியமா, தமிழ் மீடியமா, ஏதாச்சும் சொல்லிட்டுப் போடா" என்றாள். கல்லூரியில் எல்லாம் இங்கிலீஷில் இருக்கும் என்ற அவளுடைய பயத்துக்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. அது நிஜமான பயம். ஆனால் தமிழில் படித்ததால் புரியவில்லை என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அவளுக்குப் புரியாமல் போனதற்குக் காரணம், எந்த மொழியிலும் யாரும் கதையைச் சொல்லாததுதான். அவள் தமிழ் நோட்டில் தமிழ்ச் சொல்லைப் பார்த்ததால்தான் "எந்த இடம்?" என்று கேட்கவே முடிந்தது. ஐசோடோப்பு என்று மட்டும் படித்திருந்தால் அந்தக் கேள்வி அவளுக்கு வந்திருக்காது.

இதை அக்காவிடம் சொன்னேன். "நோட்டத் தூக்கிப்போடாம வெச்சது நல்லதாப் போச்சு" என்றாள்.